நடு சைஸ் ரம்பமும் புளியமரத்து ஆணிகளும்

போன மாதம் அடித்த காற்றில் எங்கள் கொல்லையில் நின்ற சவுக்கு மரங்களில் பாதி படுத்துவிட்டன. மீதிப் பாதி, படுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கின்றன. வாழ்நாளெல்லாம் மரம் அறுக்கும் மெஷின் விற்றவன், ரிப்பேர் பார்த்தவன் நான். என் வீட்டில் ஒரு மெஷின்கூடக் கிடையாது. தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி சரோஜா விடவில்லை. போன வாரம் கீழ்புத்துப்பட்டிலிருந்து என்னை பஸ் ஏற்றி, புதுச்சேரியில் நான் வேலை பார்த்த அதே கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடை இப்போது கண்ணாடி மாளிகையாகிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் போனைத் திறந்து பதினோரு மெஷின்களை வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது.

"இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்படி சார் செலக்ட் பண்ணுவீங்க?" என்றாள்.

"டீ குடிச்சுதாம்மா" என்றேன்.

கிழவருக்கு டீ வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, உடனே மூன்று டீ சொல்லிவிட்டாள். பிறகு விஷயம் தெரிந்ததும், "சார், கடையோட ஆண்டு மலருக்கு இதை எழுதிக் குடுங்களேன்" என்று பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இந்த வம்பு உங்கள் தலையில் விடிந்திருக்கிறது.

நான் ஃபிட்டர் படித்தேன் என்று சர்டிபிகேட் சொல்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கடையில் சேர்ந்து, பம்ப்செட்டுக்கு கிரீஸ் தடவவும், கிரீஸ் தடவிய கையால் சட்டையைத் துடைக்கவும் முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். தொழில் படிப்பு அவ்வளவுதான்.

அப்போது கடைக்கு முதலாளி ரஞ்சிதம் அம்மா. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எஞ்சின் வேலை கற்றுவந்து கடை வைத்தவர். அவர் போனதும் அம்மா கடையை விற்றுவிடுவார் என்று தெருவே காத்திருந்தது. கருமாதி முடிந்த மறுநாள், புடவைக்கு மேல் கணவருடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். காத்திருந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குக் குரல் உயராது. சந்தோஷமாக இருந்தால் என்னை "தணிகா" என்பார். சாதாரண நாளில் "ஏம்பா". "தணிகாசலம்" என்று முழுப்பெயரும் வந்தால் நான் எதையோ உடைத்திருக்கிறேன் என்று அர்த்தம். வாரத்தில் நாலு நாள் முழுப்பெயர்தான்.

அந்தச் சமயத்தில் பம்பாய் வழியாக மூன்று மரம் அறுக்கும் மெஷின்கள் வந்து இறங்கின. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்திராத சாமான். பெட்ரோல் எஞ்சின், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, தகட்டைச் சுற்றிப் பல்லோடு ஓடும் செயின். சின்னது, நடு சைஸ், பெரியது. அவற்றுக்குச் சின்னவன், நடுவுலான், பெரியவன் என்று நான் பெயர் வைத்தேன். பெரியவன் மேல் எனக்குக் காதல். தினமும் காலையில் துடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது தூக்கிப் பிடித்து ஷோகேஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொள்வேன். பெல்பாட்டம், பெரிய காலர், கையில் பெரியவன். கண்ணாடியில் தெரிந்தவனை எனக்கே பிடித்திருந்தது.

ஆனால் அம்மா யாருக்கும் லேசில் விற்கமாட்டார். அதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தார். வாங்க வருகிறவர் முதலில் ஊருக்குத் திரும்பிப் போய், வெட்டப்போகும் மரங்களிலேயே தடிமனான மரத்தைக் கயிற்றால் சுற்றி, முடிச்சுப் போட்டு எடுத்துவர வேண்டும். பிறகு, மெஷினைப் பிடிக்கப்போகிறவரே நேரில் வர வேண்டும். "என் மச்சான் பிடிப்பான்" என்றால் மச்சானைக் கூட்டிவர வேண்டும். மூன்றாவதுதான் டீ. டேங்க் நிறையப் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, எஞ்சினை ஓட்டாமல், மெஷினை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். அம்மா எதிரில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடிப்பார். கடைசி வாய் உள்ளே போகும்வரை மெஷினுடைய மூக்கு தொங்காமல் இருந்தால் அது உங்களுக்கான மெஷின்.

"கை அசந்தா மூக்கு தொங்கும். தொங்குற மூக்கு கல்லுலயோ கிளையிலயோ பட்டுச்சுன்னா, மெஷின் எகிறி மூஞ்சிக்கு வரும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

வந்தவர்கள் எல்லாம் "பொண்ணு பாக்கவா வந்தோம்?" என்று முறைத்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதமாகியும் மூன்று பேரும் ஷெல்ஃபிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா ஒரு கல்யாணத்துக்காக சென்னை போயிருந்த நாள் அது. ஐப்பசி மாதம். இரண்டு நாளாக அடித்த காற்றும் மழையும் அன்றுதான் விட்டிருந்தன. வாசலில் ஓர் உப்பு லாரி வந்து நின்றது. இறங்கியவர் ஜமால் பாய். மரக்காணத்தில் உப்பு வியாபாரம். உப்பளத்தை ஒட்டியே வீடு, குடோன், தோப்பு எல்லாம்.

"ஏம்பா, மரம் அறுக்குற மெஷின் இங்கதான் இருக்குதாமே?"

"இருக்குது பாய். என்ன மரம்?"

"தோப்புல சவுக்கு ஒரு முப்பது விழுந்து கெடக்குது. அது கெடக்கட்டும். வீட்டுக்குப் பின்னாடி ஒரு புளியமரம், வேரு பேந்து, அப்படியே கூரை மேல சாஞ்சு நிக்குது. ஒரு கிளை ஓட்டத் தொட்டுடுச்சு. உள்ள எம்பொண்ணு மெஹர் இருக்குது. தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது."

"வேற எங்கனா கூட்டிப் போயிடலாமே பாய்?"

"எந்த ரோட்டுல? இப்ப நான் வந்த ரோட்டுல எனக்கே பிரசவம் ஆயிருக்கும்."

கோடாலிக்காரர்களைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். பாய் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தனும் கிட்ட வரமாட்டேன்றான். அது பேயை ஆணி அடிச்சு வச்ச மரமாம்."

விஷயம் இதுதான். அந்த இடத்தை பாயின் அப்பா வாங்குவதற்கு முன்னால், சுற்றுவட்டாரத்தில் யாருக்குப் பேய் பிடித்தாலும் அந்தப் புளியமரத்தடிக்குத்தான் கூட்டிவருவார்களாம். பூசாரி பேயை ஓட்டி, பிடிபட்டவருடைய உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அடித்துவிடுவார். பேய் மரத்தோடு தங்கிவிடும். மரத்தை வெட்டினால் அத்தனை பேயும் வெட்டினவன் மேல் வரும் என்று பயம்.

"மெஷினுக்குப் பேய் பயம் இருக்காது இல்ல?" என்றார் பாய்.

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "மெஷினுக்கும் இல்ல பாய். எனக்கும் இல்ல."

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாய் என்னிடம் பேய் என்றும் சொன்னார், ஆணி என்றும் சொன்னார். ஃபிட்டர் படித்தவன் எதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்? நான் பேயை மட்டும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தேன்.

கயிறும் கேட்கவில்லை, டீயும் வைக்கவில்லை. "மரம் எவ்ளோ தடி பாய்?" என்றேன். இரண்டு கையையும் அகல விரித்து, "இவ்ளோ" என்றார். அவ்வளவு போதும் எனக்கு. பெரியவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினேன். மாற்றுச் செயின் எடுத்துக்கொண்டேனா? இல்லை. ஒரு சீப்பு எடுத்துக்கொண்டேன்.

மரக்காணத்தில் உப்புப் பாத்திகள் எல்லாம் தெரியாதபடி தண்ணீர் தேங்கிக் கடலோடு கடலாகக் கிடந்தது. நடுவில் மேடு கட்டிய இடத்தில் பாயின் ஓட்டு வீடு. பின்பக்கம் புளியமரம், கூரையிடம் ரகசியம் சொல்வது போலக் குனிந்து நின்றது. மழைக்கு வேலையில்லாமல் இருந்த உப்பளத்து ஆட்கள் முப்பது நாற்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஓர் அம்மாள், பெயர் அஞ்சலை.

"தம்பி, பாத்துப்பா. அதுல நெறைய ஆணி இருக்குது. ஒண்ணு என்னுது" என்றார்.

"உங்களுதா?"

"கட்டிக்கினு வந்த வருசம் எனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு அடிச்சாங்க. மாமியார எதுத்துப் பேசினேன். பேயில்லாம எவ அப்படிப் பேசுவா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஜன்னலில் மெஹர் தலை தெரிந்தது. "இன்னா அண்ணே, மெஷின் பெருசா இருக்குது, ஆள் சின்னதா இருக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கும் கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை நான் மட்டும் சிரிக்கவில்லை.

நிமிர்ந்து நின்று வெட்ட வசதியாக, நெஞ்சு உயரத்தில், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் செயினை வைத்தேன். பெரியவன் கர்ஜித்தான். மரத்தூள் பறந்தது. நாலு விரல் ஆழம் போயிருக்கும். திடீரென்று தீப்பொறி. கிறீச் என்று ஒரு சத்தம். செயின் அறுந்து, சாட்டை மாதிரிச் சுழன்று, என் பெல்பாட்டத்தை முட்டியிலிருந்து கீழ்வரை கிழித்துக்கொண்டு போனது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த பேன்ட் மட்டும் அத்தனை அகலமாக இல்லாமலிருந்தால் இன்று நான் ஒற்றைக் காலில் நின்று இதை எழுதிக்கொண்டிருப்பேன். ஃபேஷனால் உயிர் பிழைத்த ஒரே மெக்கானிக் நான்தான்.

"வந்துடுச்சுடா!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். முப்பது பேரும் ஒரே ஓட்டம். அவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடியவன் யார் என்று எழுத வேண்டியதில்லை. லாரிக்குள் ஏறி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அஞ்சலை மட்டும் ஓடவில்லை. வெட்டுவாயில் எட்டிப் பார்த்துவிட்டு லாரியண்டை வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"பேய் இல்லப்பா, ஆணி. இரும்புல இரும்ப வச்சுத் தேய்ச்சிருக்கிறே. எறங்கு."

இறங்கினேன். அப்போதுதான் மரம் ஒரு தடவை முனகியது. வெட்டுக்கு மேலே கொஞ்சம், ஒரு சாண் இருக்கலாம், இன்னும் குனிந்தது. கூரையிலிருந்து இரண்டு ஓடு சரிந்து விழுந்து உடைந்தன. பாய் ஒன்றும் திட்டவில்லை. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளை முன் அறைக்கு மாற்றப் போனார். வீட்டுக்கு ஒரே உத்தரம். பின்பக்கம் விழுந்தால் முன் அறைக் கூரையும் சேர்ந்துதான் வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் தோன்றாமல் நான் நின்ற நேரம் அது ஒன்றுதான்.

அம்மா அன்று ராத்திரி சென்னையிலிருந்து திரும்பிவிடுவார் என்பதால், லாரி டிரைவரிடம் கடைக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினேன். "அம்மாவுக்கு வணக்கம். பெரிய மெஷினில் செயின் லேசாகப் பழுது. மரம் லேசாகச் சாய்ந்துள்ளது. பேன்ட் லேசாகக் கிழிந்துள்ளது. உடனே வரவும்."

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. காக்கிச் சட்டை இறங்கியது. கூடவே நடுவுலான், இரண்டு மாற்றுச் செயின், கயிறு, சுத்தியல், குறடு, ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். ஆணிக் கதையை டிரைவர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"தணிகாசலம்" என்றார். அவ்வளவுதான்.  இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

மரத்தைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். பிறகு காந்தத்தை நூலில் கட்டி, மரத்தையொட்டி மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். பட்டை மூடிப்போன ஆணிகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காந்தம் சடக்கென்று ஒட்டும். ஒட்டிய இடத்திலெல்லாம் அஞ்சலை சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் மரம் கல்யாணப்பெண் மாதிரி ஆகிவிட்டது. அத்தனை பொட்டும் இடுப்புக்கும் தலைக்கும் நடுவில்.

"ஆணி அடிச்சவன் நின்னுக்கினு அடிச்சிருக்கான்" என்றார் அம்மா. "ஏணி போட்டும் அடிக்கல, உக்காந்தும் அடிக்கல. முட்டிக்குக் கீழ சுத்தம். தலைக்கு மேல சுத்தம். நீயும் நின்னுக்கினு வெட்டுன பாரு, அங்கதான் அத்தனையும் இருக்குது."

பாய் கேட்டார்: "அம்மா, பெரிய மெஷினே முடியல. இது சின்னதா இருக்குதே?"

"அடிமரத்த ஒரே வெட்டுல சாய்க்கறதுன்னா பெருசு வேணும் பாய். இத அப்படிச் சாய்ச்சா வீட்டு மேலதான் விழும். மொதல்ல மேல இருக்குற பாரத்த எறக்கணும். மேல நின்னு பிடிக்கற மெஷின் கைக்கு அடங்கணும். அடியில ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெட்டினா இந்த நீளம் போதும்."

ஏணியில் நின்று மெஷின் பிடிக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் கூடாதாம். சுற்றிப் பார்த்தார். குடோனைப் பார்த்தார். பாய் முகம் மாறியது. "என் உப்பா?" என்றார். அரை மணி நேரத்தில் உப்பளத்து ஆட்கள் மூட்டைகளைத் தூக்கிவந்து, படிக்கட்டு மாதிரி அடுக்கி, கூரை உயரத்துக்கு ஒரு மேடை கட்டிவிட்டார்கள். கல் மாதிரி அசையவில்லை. உப்பு மூட்டை மேல் நின்று வேலை பார்த்த மெக்கானிக்கும் அநேகமாக நான் ஒருவன்தான்.

ஆமாம், நான்தான் ஏறினேன். "கெடுத்தவனே சரி பண்ணட்டும்" என்றார் அம்மா. ஏறுமுன் கீழே நிற்க வைத்து, நடுவுலானை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். மெஹர் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா குடித்தார். சர்க்கரை கரையட்டும் என்று கலக்கிக் கலக்கிக் குடித்தார். மூக்கு தொங்கவில்லை. 

ஒவ்வொரு கிளையிலும் முதலில் கயிறு கட்டினோம். பத்துப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கிளைக்கு அடியிலிருந்து கொஞ்சம் வெட்டு. பிறகு அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து வெட்டு. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் வெட்டினால் கிளை முறியும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு நம் பக்கம் வரும். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையை வெட்டியபோது அஞ்சலை, "வுடு... வுடு... மெல்ல வுடு... டேய், உங்க மாமியாரா அது, பொத்துன்னு போடாதீங்கடா!" என்று கயிற்றை விடச் சொல்லிச் சொல்லி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல இறக்கினார். ஓட்டில் ஒரு கீறல் விழவில்லை.

மொட்டை மரம் மட்டும் நின்றது. அதன் தலையில் கயிறு கட்டி, மறுமுனையை, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் உப்பளக் கரையில் நிறுத்திய லாரியில் பூட்டினோம். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முட்டிக்குக் கீழே, உப்பளத்தைப் பார்த்த பக்கம், ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். பிறகு வீட்டுப் பக்கமிருந்து வெட்டு, ஒரு பாதி இந்த ஓரம், ஒரு பாதி அந்த ஓரம். நடுவுலான் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. அம்மா கையைத் தூக்கினார். லாரி உறுமியது. கயிறு வீணைக் கம்பி மாதிரி விறைத்தது. மரம் நிமிர்ந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அது நேராக நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்தது. அப்புறம் அந்தப் பக்கம் சாய்ந்து, உப்பளத் தண்ணீரில் தடாலென்று விழுந்தது. எழும்பிய தண்ணீர் வேடிக்கை பார்த்த அத்தனை பேரையும் தலையோடு குளிப்பாட்டியது. ஒருவரும் ஓடவில்லை. விசில் அடித்தார்கள். பாய் என்னைக் கட்டிப்பிடித்தார், உப்போடு சேர்த்து.

முன் அறை ஜன்னலிலிருந்து மெஹர் கூவினாள்: "அத்தா, எந்தப் பேயாச்சும் வெளிய வந்துச்சா?"

அடுத்த நாள், தோப்பில் விழுந்த சவுக்குகளுக்காக பாய் ஒரு மெஷின் வாங்கத் தீர்மானித்தார். அப்போதும் அவருக்குப் பெரியவன்தான் வேண்டும்! அம்மா மறுத்துப் பேசவில்லை. அறுந்த செயினுக்குப் புதுசு மாட்டி, பெரியவனை அவர் கையில் கொடுத்தார். டீயை மெஹரிடம் கொடுத்தார்.

மெஹர் மோடாவில் சாய்ந்து உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தாள்.

"சீக்கிரம் குடிம்மா" என்றார் பாய்.

"சுடுது அத்தா."

"ஆறிப்போயிருக்கும்மா."

"அத்தா, இன்னும் பாதி கிளாஸ் இருக்குது. மூக்கு தொங்குது பாருங்க."

நடுவுலான் மரக்காணத்திலேயே தங்கிவிட்டான். மெஹருக்கு அந்த வாரமே பையன் பிறந்தான் என்று லாரி டிரைவர் வந்து சொன்னார். எல்லோரும் சௌக்கியம், கூரை உட்பட.

கிளம்புமுன் அம்மா எனக்கொரு வேலை வைத்தார். விழுந்த மரத்திலிருந்து அத்தனை ஆணியையும் குறடால் பிடுங்க வேண்டும், விறகு உடைக்கிறவன் கோடாலி கெடக்கூடாது என்று. முட்டளவு தண்ணீரில் நின்று பிடுங்கினேன். என் செயினை அறுத்த ஆணி பாதி வெட்டுப்பட்டுப் பளபளவென்று இருந்தது. அஞ்சலை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதான் என்னுது. கோணலா அடிச்சாங்க. நான் திமிறினேன்."

 ஆணியை அவரே என் சட்டைப் பையில் போட்டார்.

"நீயே வச்சிக்க தம்பி. பேய் என்னைத் தேடி வந்துச்சுன்னா, அட்ரஸ் மாறிடுச்சுன்னு சொல்லிடறேன்."

அன்றிலிருந்து அது என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. வேலையில் இருந்த நாளெல்லாம் கயிறு, ஆள், டீ என்ற அம்மாவின் மூன்றோடு நாலாவதாக நானே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டேன்: மரத்தில் ஆணி இருக்கா?

இனி, போன வாரத்துக்கு வருகிறேன். கண்ணாடி மாளிகையில் மூன்று டீயும் வந்தன. நான் கவுன்ட்டர் பெண்ணிடம் நடு சைஸ் மெஷினை இறக்கச் சொன்னேன். டேங்க்கை நிரப்பச் சொன்னேன். எங்கள் கொல்லைக்கு வேண்டியது இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாவிக்கொத்தைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மெஷினை நீட்டிப் பிடித்தேன். சரோஜா எதிரில் உட்கார்ந்து கிளாஸைத் தூக்கினாள்.

இரண்டாவது வாயிலேயே மூக்கு தொங்கிவிட்டது.

கடையே பார்த்துக்கொண்டிருந்தது. சரோஜா கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, என் கையிலிருந்து மெஷினை வாங்கி, அவளே நீட்டிப் பிடித்தாள். தினமும் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற கை. "நீங்க உக்காந்து குடிங்க" என்றாள்.

நான் குடித்தேன். ஊதி ஊதி, கலக்கிக் கலக்கி, நாலு பேரிடம் பேசிக்கொண்டே குடித்தேன். அடியில் தங்கிய சர்க்கரையையும் விரலால் வழித்துச் சாப்பிட்டேன். மூக்கு அசையவே இல்லை.

"பில்லு யார் பேர்ல சார் போடட்டும்?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

சாவிக்கொத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே, சரோஜாவைக் காட்டி, "அம்மா பேர்லதான்" என்றேன்.